மாலை வாங்கிய மறுகும் சிலம்பு விற்கச் சென்ற பீடிகையும்: ஆர்ச்சர்ட் சாலையிலிருந்து ஒரு சிலப்பதிகார வாசிப்பு

முன்னுரை

சிலப்பதிகாரத்தைக் கற்பிக்கும்போது மதுரைக் காண்டத்து ஊர்காண் காதையை விரைந்து கடந்துவிடுவது நம் வகுப்பறைகளில் ஏறத்தாழ ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அடைக்கலக் காதையில் மாதரி வருகிறாள். கொலைக்களக் காதையில் கதை உச்சத்தை நெருங்குகிறது. அவற்றுக்கு முன்னே நிற்கும் இக்காதையில் நிகழ்ச்சி என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. கோவலன் தனியே நகருக்குள் செல்கிறான், தெருக்களைப் பார்க்கிறான், புறஞ்சேரிக்குத் திரும்புகிறான். இடையில் உள்ளவை வருணனை. ‘நகர வருணனை’ என்று கரும்பலகையில் எழுதி, ஒன்பது மணிகளின் பெயர்களைக் குறித்துக்கொள்ளச் சொல்லி, அடுத்த காதைக்குப் போய்விடுகிறோம். நானும் பல ஆண்டுகள் அவ்வாறே செய்துவந்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும்.

இவ்வழக்கம் பிழையானது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஊர்காண் காதையின் கடைத்தெருப் பகுதியை நீக்கிவிட்டால் வழக்குரை காதையில் சிலம்பு உடைவதன் முழுப்பொருள் நமக்குக் கிட்டாது. இதனை நான் உணர்ந்தது நூலகத்தில் அன்று. சிங்கப்பூரின் ஆர்ச்சர்ட் சாலையில். சிலப்பதிகார வகுப்பு மாணவர் சிலரை ஒருநாள் மாலை அச்சாலைக்கு அழைத்துச் சென்று, கோவலன் பார்த்த வரிசையில் ஒரு தெருவைப் பார்க்குமாறு சொன்னேன். பயிற்சி என்ற அளவில் அது எளியதுதான். ஆயினும் அங்கு எழுந்த வினாக்களுக்கு விடை தேடியபோதுதான் காப்பியத்தின் அமைப்பே எனக்கு வேறாகத் தோன்றத் தொடங்கியது.

சாலை

ஆர்ச்சர்ட் சாலை இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த நீளமுடையது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதன் இருமருங்கிலும் சாதிக்காய், மிளகுத் தோட்டங்களும் பழத்தோட்டங்களும் இருந்தமையால் அப்பெயர் பெற்றது. 1850களில் சாதிக்காய் மரங்களை நோய் தாக்கவே தோட்டங்கள் அழிந்தன. கடைத்தெருவாக அது வளர்ந்தது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். சுவாத்தோவிலிருந்து 1923இல் வந்து, பூத்தையல் துணிகளைத் தகரப்பெட்டியில் வைத்து வீடு வீடாக விற்ற டாங் சூன் கெங், 1958இல் ஸ்காட்ஸ் சாலை முனையில் பச்சை ஓட்டுக் கூரையுடன் தம் பெருங்கடையைக் கட்டினார். எதிரே தியோச்சியூ மக்களின் இடுகாடு இருந்தமையால் அவ்விடம் வணிகத்திற்கு ஆகாது எனப் பிறர் கருதினர். அந்த இடுகாட்டு நிலத்தில் இன்று நிற்பது 1993இல் திறக்கப்பெற்ற நீ ஆன் சிட்டி. தக்கஷிமாயாவும் பாரிஸ், மிலான் நகரப் பெயர்களைத் தாங்கிய கடைகளும் அதனுள் உள்ளன. 1858இல் தொடங்கப்பெற்ற ராபின்சன்ஸ் போன்ற பழைய பெருங்கடை 2020இல் மூடப்பட்டது. 2009இல் திறக்கப்பெற்ற ஐயன் ஆர்ச்சர்ட் போன்ற கடைத்தொகுதிகள் சாலையின் முகமாயின.

தமிழ் வாசகருக்கு இச்சாலையோடு உள்ள உறவு புறத்தே நின்று பார்க்கும் உறவு மட்டுமன்று. அதன் கிழக்கு முனையிலுள்ள தோபி காட் என்னும் பெயர், அங்கு ஓடிய நீரோடையில் துணி வெளுத்த இந்தியத் தொழிலாளரால் வந்தது. அதனருகே சிவன் கோயில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழர்கள் ஆர்ச்சர்ட் சாலையை ‘வைராகி மடம்’ என்றே வழங்கினர் எனப் பழைய இடப்பெயர்க் குறிப்புகளால் அறிகிறோம். எம்ஆர்டி கட்டுமானத்திற்காக 1983இல் அக்கோயில் அவ்விடத்தைவிட்டு நீங்கி, 1993இல் கேலாங் ஈஸ்ட்டில் புதுக்கோயிலாகக் குடமுழுக்குக் கண்டது. தென்கிழக்காசியாவின் பெயர்பெற்ற ஆடம்பரக் கடைத்தெரு ஒன்றைத் துறவியின் இருப்பிடம் எனத் தமிழர் அழைத்தனர் என்பதைக் கேட்டதும் மாணவர்கள் சிரித்தனர். சிரிப்பதற்குரிய செய்திதான். எனினும் ஒரு தெருவின் பெயரை அங்கே விற்கப்படுவது தீர்மானிக்கிறதா, அங்கே வாழ்வோர் தீர்மானிக்கின்றனரா என்னும் வினா அதனுள் இருக்கிறது. (கோலாலம்பூர் வாசகர் புக்கிட் பிந்தாங்கை நினைத்துக்கொள்ளலாம். 2007இல் திறக்கப்பெற்ற பெவிலியன் கடைத்தொகுதி நிற்குமிடத்தில் 2000 வரை ஒரு பெண்கள் பள்ளி இருந்தது.)

குற்றம் அறியும் தெரு

இனிக் காப்பியத்திற்கு வருவோம். மதுரையின் மதிலகத்தை இளங்கோவடிகள் இந்திரனின் அணிகலப் பேழை வாய்திறந்தாற்போன்றது என்கிறார். பேழை மூடியிருக்கவில்லை, திறந்திருக்கிறது என்பது நோக்கத்தக்கது. வாள் ஏந்திய யவனர் காக்கும் வாயிலைக் கடந்து கோவலன் உள்ளே செல்கிறான். செல்வரும் அரசரும் நாடும் கணிகையர் வீதிகளைக் கடக்கிறான். அதன் பின்னரே அங்காடி வீதிகள் வருகின்றன. மணிக்கடைத் தெருவில் அடிகள் நடை தளர்கிறது. முதலில் வயிரம், அடுத்து மரகதம், மாணிக்கம், புருடராகம், வைடூரியம், நீலம், கோமேதகம் என மணிகள் வருகின்றன. முத்தும் பவளமும் இறுதியில் நிற்கின்றன.

இப்பட்டியலில் நாம் காணத் தவறுவது அதன் முறை. வேறு எந்தக் காப்பியப் புலவரேனும் இவ்விடத்தில் மணிகளின் ஒளியையே பாடியிருப்பார். அடிகள் ஒளியையும் சொல்கிறார். எனினும் வயிரத்தைப் பற்றிச் சொல்லப் புகும்போது முதலில் எண்ணுவது அதன் குற்றங்களை. கறையாகிய களங்கம், புள்ளியாகிய விந்து, கீற்றாகிய ஏகை, காக்கையின் கால் போன்ற பிளவாகிய காகபாதம் என்னும் நான்கும் நீங்கியதே நல்ல வயிரம். முத்துக்கும் அவ்வாறே காற்று, மண், கல், நீர் ஆகியவற்றால் விளையும் குறைகள் பேசப்படுகின்றன. மாணிக்கம் ஓரிடத்துப் பிறந்து நால்வகைப்பட்டது என வகுக்கப்படுகிறது. இவையெல்லாம் மணிநூல் வல்லார் கூறியவை என்னும் குறிப்பும் உடன் வருகிறது. அடியார்க்கு நல்லார் இப்பகுதிக்கு மணியிலக்கணப் பழம்பாடல்களை எடுத்துக்காட்டி உரை விரிப்பது வெறும் புலமைக் காட்சி அன்று. மூலத்தின் போக்கே அவரை அவ்வாறு செய்யத் தூண்டியது எனலாம். மதுரைக்கும் மணிநூலுக்கும் உள்ள இவ்வுறவு பிற்காலத்திலும் மறையவில்லை. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் சிவபெருமானே வணிகராக வந்து மாணிக்கம் விற்கும்போது, விலையைக் கூறுவதற்கு முன் மணிகளின் இலக்கணத்தையே விரித்துரைக்கிறார்.

இதனை இன்றைய நடைமுறையோடு ஒப்பிடுவது பயனுடையது. 1931இல் நிறுவப்பெற்ற அமெரிக்க இரத்தினவியல் நிறுவனத்தின் தரச்சான்று இன்று உலகெங்கும் வயிர வணிகத்தின் அடிப்படைகளுள் ஒன்று. வயிரத்தின் தெளிவைப் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்து, குற்றமின்மை தொடங்கிப் பதினொரு படிகளாக அது வகுக்கிறது. அங்கும் குற்றங்களுக்குப் பெயர்கள் உள்ளன: இறகு, மேகம், ஊசி, குண்டூசி முனை. இறகு என்பது பிளவு. காக்கையின் காலாகக் கண்டதை வேறொரு மொழி பறவையின் இறகாகக் கண்டிருக்கிறது. விந்துவும் குண்டூசி முனையும் ஒப்பானவை. பெயரிடும் முறையில் இத்துணை நெருக்கம் இருப்பது எனக்குப் பெருவியப்பையே தந்தது. ஆனால் கண் ஒன்று, கல் ஒன்று என்னும்போது சொல்லும் அருகருகே வருவது இயல்பே.

வேறுபாடு வேறிடத்தில் உள்ளது. ஊர்காண் காதையில் குற்றம் அறியும் அறிவு தெருவில் இருக்கிறது. வணிகனல்லாத ஒருவன் நடந்துசெல்லும்போதே, குறைந்தது காப்பியம் படிக்கும் நாம் நடந்துசெல்லும்போதே, அவ்வறிவு நம் காதில் விழுகிறது. பொன்வணிகர் தெருவைப் பாருங்கள். சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் என நால்வகைப் பொன் விற்கும் அத்தெருவில், வாங்குவோர் எது எங்கே என்று மயங்காதிருக்கக் கொடிகள் கட்டப்பட்டுள்ளன. கொடி, கடைக்காரன் யார் என்பதைச் சொல்லவில்லை. பொன் எவ்வகை என்பதைச் சொல்கிறது. ஆர்ச்சர்ட் சாலையின் முகப்புகளில் ஒளிரும் பெயர்கள் யாவும் இதற்கு நேர்மாறானவை. அவை தோலின் வகையையோ நூலின் வகையையோ சொல்வதில்லை. இல்லத்தின் பெயரைச் சொல்கின்றன. அப்பெயரே பொருளாகவும் விலையாகவும் ஆகிவிடுகிறது. உடன்வந்த மாணவி ஒருவர் விடுமுறைக் காலத்தில் கைப்பை விற்கும் கடையொன்றில் வேலை பார்த்தவர். தமக்கு அளிக்கப்பட்ட பயிற்சியில் தோலைப் பற்றிக் கற்பித்ததைவிட அந்நிறுவனத்தின் கதையைப் பற்றிக் கற்பித்ததே மிகுதி என்றார். அக்கதையில் ஓர் அரசி, ஒரு நடிகை, ஒரு பழைய பயணப்பெட்டி ஆகியவை தவறாமல் வரும் என்று அவர் சொன்னபோது வகுப்பே கலகலப்பானது.

கொடியைக் கடந்ததும் துணிக்கடைத் தெரு வருகிறது; நூல், மயிர், பட்டு என்று பிரித்து நூற்றுக்கணக்கில் அடுக்கப்பட்ட மடிகள். அதற்கடுத்தது கூலக்கடைத் தெரு. நிறைகோலும் பறையும் அம்பணமும் ஏந்தித் திரிவோர், மிளகு மூட்டைகள், தானியக் குவியல்கள். வயிரம் விற்கும் தெருவிலிருந்து தானியம் விற்கும் தெருவுக்குக் கோவலன் கால்மாற்றாமல் நடந்துவிடுகிறான். ஆர்ச்சர்ட் சாலையில் இந்நடை கிடைமட்டமானது அன்று. தரைத்தளத்தில் கடிகாரமும் கைப்பையும்; உணவும் மளிகையும் நிலத்தடித் தளங்களில். நகரும் படிக்கட்டில் இறங்க இறங்க விலை குறைகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் 1978இல் திறக்கப்பெற்ற லக்கி பிளாசாவைச் சுற்றிப் பிலிப்பினோப் பணிப்பெண்கள் கூடி, ஊருக்குப் பணமும் பொருளும் அனுப்புகின்றனர். அதே சாலைதான், அதே நடைபாதைதான். ஆயினும் அவர்கள் நடப்பதும் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நடப்பதும் ஒரே தெருவில் நிகழ்வதாகத் தோன்றவில்லை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. பழந்தமிழ் அங்காடி நேர்மையின் உறைவிடம், இன்றைய அங்காடி பொய்ம்மையின் கூடாரம் என்று எழுதிவிடுவது மிக எளிது. மேடைகளில் இதனை நாம் போதிய அளவு கேட்டுவிட்டோம். சிலம்பு அதற்கு இடந்தரவில்லை. மதுரையின் வயிரங்கள் நால்வகை வருணத்தின் நிறங்களால் பகுக்கப்படுகின்றன. குற்றம் அறியும் நூலே சாதியின் மொழியில் பேசுகிறது. புகாரின் வெள்ளிடை மன்றத்தில் மூட்டைகள் பெயரும் அளவும் பொறிக்கப்பட்டுக் காவலின்றிக் கிடக்கின்றன என்றால், அங்கே திருடுவோனைக் கழுத்து ஒடியச் சுமக்கச் செய்யும் ஆற்றல் ஒன்று உண்டு என்பதையும் இந்திரவிழவூரெடுத்த காதை சேர்த்தே சொல்கிறது. அச்சமின்றி நேர்மை இல்லை என்பதை இளங்கோவடிகள் அறிந்தே இருந்தார். எனவே இங்கு நம் நோக்கம் பழமையைப் போற்றுவது அன்று. காப்பியத்தினுள் எந்தெந்தத் தெருவில் எவ்வகையில் மதிப்பு தீர்மானிக்கப்படுகிறது என்பதைக் காண்பதே.

இரண்டு விலைகள்

கோவலன் காப்பியத்தில் இருமுறை விலையுயர்ந்த பொருளோடு தெருவில் நிற்கிறான். முதல்முறை வாங்குபவனாக, இரண்டாம் முறை விற்பவனாக. இவ்விரு காட்சிகளையும் ஒருங்குவைத்துப் படிப்பது வழக்கமில்லை. ஒன்று புகார்க் காண்டத்தின் தொடக்கத்திலும் மற்றொன்று மதுரைக் காண்டத்தின் நடுவிலும் கிடப்பதே காரணமாகலாம்.

அரங்கேற்று காதையில் மாதவி ஆடி முடித்ததும் சோழன் அவளுக்குத் தலைக்கோல் பட்டமும் பச்சை மாலையும் ஆயிரத்தெண் கழஞ்சு பொன்னும் அளிக்கிறான். அதன்பின் அம்மாலையைக் கூனி ஒருத்தி நகரத்துச் செல்வ இளைஞர் உலவும் மறுகில் கொண்டுவந்து, விற்பவளைப்போல நிற்கிறாள். விலை ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன். மாலையை வாங்குபவன் மாதவிக்கு உரியவனாகிறான். கோவலன் வாங்குகிறான், கூனியோடு செல்கிறான், வீடு திரும்ப மறக்கிறான். தமிழ்க் காப்பிய மரபின் முதல் பெருநூலில் கதையை இயக்கும் முதற்செயல், நகரின் உயர்குடித் தெருவொன்றில் நடந்த ஆடம்பரக் கொள்முதல் என்பதை நாம் எத்தனை முறை வகுப்பில் சொல்லியிருக்கிறோம்?

அம்மாலையின் விலை எங்கிருந்து வந்தது? அரசன் கொடுத்த பரிசின் அளவிலிருந்து. மாலையின் பொன்னை யாரும் உரைத்துப் பார்க்கவில்லை. அதன் குற்றம் காணும் நூல் எதுவும் குறிக்கப்படவில்லை. அரண்மனை விதித்த எண் தெருவில் விலையாக நிற்கிறது. வாங்குபவன் வாங்குவது மாலையை அன்று. மாலையால் திறக்கப்படும் வாயிலை. தோர்ஸ்டீன் வெப்ளன் 1899இல் வெளியிட்ட தம் நூலில், பொருளின் பயனைவிட அதைச் செலவிட வல்லவன் என்னும் தோற்றமே செல்வர்க்கு முதன்மையாகிறது என்று விளக்கினார். கூனியின் மறுகு அவருக்கு ஏற்ற எடுத்துக்காட்டாக இருந்திருக்கும். ஆனால் வெப்ளன் காணாத ஒன்றும் இதில் உண்டு. கூனி ‘விற்பவளைப்போல’ நிற்கிறாள் என்றே கவிஞர் சொல்கிறார். அதாவது அது விற்பனை போன்ற ஒன்று, தேர்வு. யார் வாங்கத்தக்கவர் என்று விற்போர் தேர்ந்துகொள்ளும் முறை இன்றைய ஆடம்பர வணிகத்திலும் உண்டு. 1984இல் உருவாக்கப்பெற்ற ஹெர்மேஸ் நிறுவனத்தின் பிர்க்கின் கைப்பை, பணத்தோடு சென்றவர் அனைவரும் உடனே எடுத்துவரும் வகையில் அலமாரியில் அடுக்கிவைக்கப்படுவதில்லை என்பது பலரும் அறிந்ததே.

இனி இரண்டாம் காட்சி. குன்றம்போன்ற குலச்செல்வம் தொலைந்தது என்று வெட்கும் கோவலனிடம் கண்ணகி சிலம்பைத் தருகிறாள். அவன் அதனை முதலாகக் கொண்டு மதுரையில் வணிகம் செய்ய எண்ணுகிறான். ‘முதல்’ என்னும் சொல்லின் வணிகப்பொருளை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அணிகலன் என்னும் நிலையிலிருந்து சிலம்பு மூலதனமாக மாறுகிறது. கொலைக்களக் காதையில் ஒற்றைச் சிலம்போடு அவன் பீடிகைத் தெருவை அடைகிறான். அங்கே நுண்வினைக் கொல்லர் நூற்றுவர் பின்வர, அரசன் அளித்த சட்டையணிந்து வரும் பொற்கொல்லனைச் சந்திக்கிறான். அரசன் தேவிக்கு ஏற்ற சிலம்பொன்றை விலைமதிக்க வல்லாயோ என்று வினவுகிறான்.

மாணவர் ஒருவர் அன்று ஆர்ச்சர்ட் சாலையில் கேட்ட வினா இதுதான்: “முதல்நாள் மணிக்கடைத் தெருவையெல்லாம் பார்த்துவிட்டு வந்தவர்தானே, அங்கேயே போய் விற்றிருக்கலாமே, ஏன் ஒரு கொல்லனிடம் போனார்?” உரைநூல்களில் இதற்கு விடை தேடினேன், வினையின் வலிமை என்னும் விடையே பொதுவாகக் கிடைக்கிறது. காப்பியமும் ஊழ்வினையை வற்புறுத்துகிறது, அதை மறுப்பதற்கில்லை. எனினும் ஊழ் செயற்படுவதற்கும் ஒரு வழி வேண்டும். அவ்வழியைக் கோவலனே தன் வினாவில் சொல்லிவிடுகிறான். அரசிக்கு ஏற்ற பொருளை வாங்கத்தக்கவள் அரசி ஒருத்தியே. அத்தகைய பொருளுக்குச் சந்தை இல்லை. அதை மணிக்கடைத் தெருவின் நிறைகோலில் நிறுத்துப் பரல்களைப் பிரித்து விலைசொல்லலாம். அப்போது அது சிலம்பாக அன்று, பொன்னும் மணியுமாகவே விலைபோகும். கோவலன் அதை முழுமையாக, அதன் பெருமைக்குரிய விலைக்கு விற்க விரும்புகிறான். மாலை வாங்கியபோது எந்த மதிப்புமுறையை அவன் ஏற்றுக்கொண்டானோ அதே முறையிலேயே சிலம்பையும் விற்க முயல்கிறான் என்பது என் கருத்து.

அந்தத் தனிச்சிறப்பே அவனைக் கொல்கிறது. ஊரில் பலரிடம் இருக்கும் பொருளாயின், ‘இது அரண்மனையில் காணாமற்போனது’ என்னும் பொய் நின்றிருக்காது. ஒருத்திக்கே உரியது போன்ற பொருள் என்பதால் அவளுடையதே என்று சொல்ல முடிந்தது. கொல்லன் அதன் நுண்வேலைப்பாட்டைக் கூர்ந்து பார்க்கிறான். பார்த்தது விலைமதிக்க அன்று, தன் களவை மறைக்க. தேவியின் ஊடல் தீர்க்க விரைந்துகொண்டிருந்த பாண்டியனோ எதையும் பார்க்கவே இல்லை. சிலம்பு அவன் கையிலிருந்தால் கொன்று கொணர்க என்கிறான். குற்றமறிந்து மணிகொள்ளும் நகரில், குற்றம் ஆராயாத ஒரு சொல் பிறக்கிறது.

இதனோடு ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோவலனைக் கண்ட காவலர், இவன் கள்வனுக்குரிய தோற்றமுடையவனல்லன் என்று தயங்குகின்றனர். மணியின் இலக்கணம் அறிவதுபோல் மனிதனின் இலக்கணம் அறியும் கண் அவர்களிடம் சிறிதாவது இருந்தது. அதனை வெல்லக் கொல்லன் எடுத்துவிடுவதும் ஒரு நூலையே. களவு நூலில் கள்வர்க்குத் துணையாவன எட்டு என்று வரிசையாகச் சொல்லி விளக்குகிறான். மணிக்கடைத் தெருவில் குற்றம் நீக்க உதவிய நூலறிவு, கொலைக்களத்தில் குற்றம் சுமத்த உதவுகிறது. இரு இடத்திலும் பட்டியல். இரு இடத்திலும் வகைப்பாடு. இவ்விணைப்பு தற்செயலானது என்று கொள்ள என்னால் இயலவில்லை. ஊர்காண் காதையை வருணனை என்று ஒதுக்கியவர் இவ்விணைப்பை இழக்கிறார்.

இவ்வாறு நோக்கின் வழக்குரை காதையில் கண்ணகி செய்வது என்ன என்பது தெளிவாகும். தன் சிலம்பின் உள்ளே இருப்பது மாணிக்கம் என்கிறாள். பாண்டியன் தன் தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்கிறான். புறத்தோற்றத்தில் வேறுபாடு அறிய இயலாத இரு பொருள்கள்; வேறுபாடு உட்பரலில். அவள் அதை உடைத்துக் காட்டுகிறாள். மணிக்கடைத் தெருவில் நடந்திருக்க வேண்டிய சோதனை, காலங்கடந்து அரசவையில் நடைபெறுகிறது. மாணிக்கம், முத்து என்னும் இரண்டையும் ஊர்காண் காதை நமக்கு முன்பே அறிமுகப்படுத்தி, அவற்றின் வகையையும் குறையையும் கற்பித்து வைத்திருக்கிறது. உடைந்த சிலம்பிலிருந்து மணி அரசனின் முகத்தில் தெறிக்கும்போது அதை அடையாளம் காண நாம் ஆயத்தமாக இருக்கிறோம்.

பட்டியலும் பெருக்கமும்

ஆடம்பரக் கடைகளைப் பற்றிய மேலை இலக்கியத்தில் எமிலி ஸோலாவின் 1883ஆம் ஆண்டு நாவலான ‘ஓ பொனேர் தே தாம்’ தனியிடம் பெறுவது. பாரிஸின் பெருங்கடை ஒன்றே அதன் நாயகன் எனலாம். ஆய்வு மாணவனாக நான் வெளிநாட்டில் இருந்தபோது முதன்முதலில் அதைப் படித்துச் சிலப்பதிகாரத்தோடு ஒப்பிட முயன்றேன்; இருவரும் பட்டியலிடுகின்றனர் என்பதற்குமேல் அன்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இன்று வேறுபாடே முதன்மையாகத் தோன்றுகிறது. ஸோலாவின் பட்டியல் பெருகுவது. பட்டும் சரிகையும் பின்னலும் குவியக் குவிய வாங்குவோரின் பகுத்தறிவு கரைகிறது. அக்கடையில் செல்வச் சீமாட்டி ஒருத்தியே விலையுயர்ந்த பின்னல்துணியைத் திருடிப் பிடிபடுகிறாள். இளங்கோவின் பட்டியல் பகுப்பது. ஒவ்வொரு பெயரும் முந்தையதிலிருந்து விலகி நிற்கிறது. திருடாதவன் கள்வனாகிறான்.

வால்டர் பெஞ்சமின் 1927இல் தொடங்கி 1940இல் இறக்கும்வரை முடிக்காமல் விட்ட பாரிஸ் அங்காடிக்கூடங்கள் பற்றிய நூலைக் கொண்டு ஆர்ச்சர்ட் சாலையை ஆராய்வது நம் பல்கலைக்கழகங்களில் புதுமையன்று. அதில் தவறில்லை. ஆனால் தமிழ்த்துறை மாணவர் அதைக் கையிலெடுக்கும் முன், கடைத்தெருவில் வாங்காமல் பார்த்துக்கொண்டே நடக்கும் ஒருவனைத் தம் மொழியின் காப்பியமே முழுக்காதை ஒன்றில் நடக்கவிட்டிருப்பதை அறிந்திருக்க வேண்டும். கோவலன் அன்று ஒன்றும் வாங்கவில்லை. அவனிடம் வாங்கப் பொருளில்லை. பார்த்து மகிழ்ந்து திரும்பி, பாண்டியன் செங்கோலின் சிறப்பைக் கவுந்தியடிகளிடம் எடுத்துரைக்கிறான். பகைவரின் அழிவு என்பதையே அறியாத தெரு என மணிக்கடைத் தெருவைக் கவிஞர் புகழ்ந்ததை அவன் அப்படியே நம்பியிருக்கிறான். தெருவின் ஒழுங்கை அரசின் ஒழுங்காக எண்ணிக்கொண்டதே அவன் பிழை. ஒளிமிக்க கடைத்தெரு ஒன்றைக் கண்டு ஒரு நாட்டின் நீதியை மதிப்பிடும் பழக்கம் சுற்றுலாக் கையேடுகளில் இன்றும் உள்ளது.

அதே தெருக்களில் மறுமுறை நடப்பவள் கண்ணகி. ஊர்சூழ் வரியில் அவள் எஞ்சிய ஒற்றைச் சிலம்பை ஏந்தி நகரைச் சூழ்ந்து வருகிறாள். அங்கே ஒரு கடைகூடச் சொல்லப்படவில்லை. வயிரமில்லை, கொடியில்லை, துணிமடி இல்லை. பெண்டிர் உண்டோ, சான்றோர் உண்டோ, தெய்வம் உண்டோ என்று அவள் கேட்பது மட்டுமே உள்ளது. இவ்விரு காதைகளையும் அடுத்தடுத்த வகுப்புகளில் படிக்கவைத்தேன். முதல் காதையில் தாம் அடிக்கோடிட்ட பொருட்பெயர்களை இரண்டாவதில் தேடச்சொன்னேன். மாணவர்கள் நெடுநேரம் தாள்களைப் புரட்டினர். பிறகு அழற்படு காதைக்குச் சென்றோம். தீப்பற்றிக் கலங்கும் தெருக்களில் கூலக்கடைத் தெரு பெயர்சொல்லிக் குறிக்கப்படுகிறது. நால்வகை மக்களின் தெருக்களும் குறிக்கப்படுகின்றன. மணிக்கடைத் தெருவுக்கு என்ன நேர்ந்தது என்று ஒரு மாணவி கேட்டார். அடிகள் அதைப் பற்றி அங்கு ஒன்றும் சொல்லவில்லை.